குறைந்துபோன நூற்றிருபத்தொரு நாட்கள்

"கடிதம் ஏதும் வந்ததோ?" என்று சிவாஜினி மேல்மாடிப் படியில் நின்று கேட்டபோது, இரவிச்சந்திரன் அந்தக் கடிதத்தைக் குளிரங்கிக்குள் செருகி ஸிப்பைப் பாதி இழுத்திருந்தார்.

"இல்லையப்பா. பீட்சாக் கடை நோட்டீஸ்தான்."

"பிறகேன் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்?"

"குளிர்."

"உள்ளுக்க ஹீட்டர் எரியுதெல்லோ."

"அதுதான், உள்ளுக்க வரத்தானே போறன்."

மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜில் ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் தட்டுக் கழுவும் மனிதர் அவர். வயது ஐம்பத்துநாலு. பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவர். அதனால் சொல்லும் பொய் ஒவ்வொன்றும் முகத்தில் வியர்வையாக வந்து நின்றுவிடும்.

கடிதம் குடிவரவு அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. நிரந்தர வதிவிட அட்டையைப் புதுப்பிக்கக் கேட்டிருக்கிறீர்கள். கடந்த ஐந்து வருடங்களில் எழுநூற்று முப்பது நாட்களாவது நீங்கள் கனடாவில் இருந்ததற்கு ஆதாரம் காட்டுங்கள். முப்பது நாட்களுக்குள் பதில் வேண்டும். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். தவறும் அவருடையதுதான். விண்ணப்பப் படிவத்தில் 'நாட்டை விட்டு வெளியே இருந்த காலம்' என்ற இடத்தில் திகதி எழுதப் பயந்து, 'இலங்கை, கொஞ்சக் காலம்' என்று எழுதி அனுப்பியிருந்தார். அதற்கு அடுத்த பெட்டியில் எழுத்து மிகப் பொடியாக இருந்ததால் அதை வாசிக்காமலே வெறுமையாக விட்டிருந்தார்.

அந்தக் கொஞ்சக் காலம் மூன்று வருடமும் நாலு மாதமும். சிவாஜினியின் தகப்பனுக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது என்று திருகோணமலையிலிருந்து செய்தி வர, மூன்று மாதம் நின்று பார்த்துவிட்டு வருவோம் என்றுதான் இருவரும் போனார்கள். படுக்கையில் கிடந்த மனிதரை விட்டுவிட்டு வர இருவருக்கும் மனம் வரவில்லை. அவரை நல்லபடியாக அனுப்பி வைத்துவிட்டுத்தான் திரும்பினார்கள்.

குளியலறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு, கோயிலில் தந்த நாட்காட்டிகளை விரித்து வைத்து மூன்று தரம் எண்ணினார். ஒருதரம் அறுநூற்றொன்பது வந்தது. ஒருதரம் அறுநூற்றுப் பதினொன்று. திரும்பவும் அறுநூற்றொன்பது. எப்படிப் பார்த்தாலும் நூற்றிருபத்தொரு நாள் குறைந்தது.

அட்டை போனால் வேலை போகும். வேலை போனாலும் பரவாயில்லை. ஆளையே திருப்பி அனுப்பிவிட்டால்? சிவாஜினிக்கு இப்போது இதயத்துக்கு மருந்து நடக்கிறது, இங்குள்ள டாக்குத்தரை விட்டு அவள் எங்கும் போக முடியாது. அவர் இங்கே வந்து சேர்ந்த இருபத்தேழு வருடத்தில் இருவரும் ஒருநாள்கூடத் தனித்தனியாகச் சாப்பிட்டதில்லை.

இதை அவளிடமே சொல்லிவிட்டால் என்ன? அங்கேதான் சிக்கல். சிவாஜினி முதலில் அகதியாக வந்து, பரீட்சை எழுதி, கனடியக் குடியுரிமை எடுத்து, பிறகு அவரை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டவள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னரே அவருக்கும் குடியுரிமைப் பரீட்சைப் புத்தகம் வாங்கிக் கொடுத்தாள். அவர் அதை ஆடிக்கொண்டிருந்த குளிர்சாதனப் பெட்டியின் காலுக்குக் கீழே வைத்தார். பெட்டி ஆட்டத்தை நிறுத்தியது. சிவாஜினி அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. இலங்கையிலிருந்து திரும்பி வேறு வீட்டுக்கு மாறியபோது பெட்டியோடு புத்தகமும் கூடவே வந்தது. அப்போதும் சொல்லவில்லை. அந்தப் பன்னிரண்டு வருடத்து மௌனம் ஒருநாள் வாய் திறந்தால் என்ன ஆகும் என்பதுதான் அவருடைய பயம்.

ஆகவே கடிதத்தை இரண்டாக மடித்து, சாமி அலுமாரிக்கு மேலே சுவரில் தொங்கிய முருகன் படத்துக்குப் பின்னால் செருகினார். "முருகா, இனி இது உன்ர பொறுப்பு" என்றார்.

அடுத்த நாள் இரண்டாம் மாடிக்கு இறங்கி அல்பேட்டிடம் விஷயத்தைச் சொன்னார். அல்பேட் மட்டக்களப்பான், அதே ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டு போகிற வேலை. இவர்கள் இல்லாத காலம் முழுக்க இவர்களுடைய தளபாடங்களைத் இந்தக் கட்டடத்து நிலவறையில் பாதுகாத்ததும், கறிவேப்பிலைச் செடிக்கு மூன்று குளிர்காலம் விளக்கு வெளிச்சம் காட்டிக் காப்பாற்றியதும் அவன்தான்.

"இதுக்கா அண்ணே இந்த முழி முழிக்கிறீங்க?" என்றான். "நான் எழுதித் தாறன். இரவி அண்ணன் இந்த மூணு வருசமும் ஒவ்வொரு நாளும் எங்கட வீட்ட தேத்தண்ணி குடிச்சவர் எண்டு."

"நான் இஞ்ச இருக்கேல்லையே, அல்பேட்."

"நீங்க இருந்திருந்தாக் குடிச்சிருப்பீங்கதானே? அதில என்ன பொய் கிடக்கு?"

நல்ல மனிதர்கள் அன்போடு நீட்டும் பொய்யில் ஒரு வில்லங்கம் உண்டு. அதை வேண்டாம் என்று சொல்ல வாய் வராது.

அதற்குள் அல்பேட்டின் மனைவி யோசெப்பின் ஒரு பிஸ்கட் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே முருகன் கோயில் அர்ச்சனைத் துண்டுகள். மாதத்தில் ஒரு வெள்ளி வீதம் நாற்பது. ஒவ்வொன்றிலும் அவர்களுடைய பெயரும் நட்சத்திரமும்.

"இது ஆர் செய்தது?" என்றார் அவர் திகைத்து.

"நான்தான் அண்ணன். எங்கட கோயில்ல உங்களுக்காக மெழுகுதிரி கொளுத்துறதுதான். ஆனா உங்கட சாமிக்கு உங்கட பேர் மறந்திடக் கூடாதெண்டு, அங்கால வேலைக்குப் போற நாள்ல பஸ்ஸால இறங்கிச் செய்துபோட்டு வருவன். ஐயர் முதல்ல என்ர சிலுவையைப் பாத்தார். பிறகு நட்சத்திரம் கேட்டார்."

இரவிச்சந்திரனுக்குக் கண் கலங்கிவிட்டது. அல்பேட்டுக்கோ முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா! நாப்பது வெள்ளிக்கிழமைக்கு ஆதாரம் கையில கிடக்கு!"

"இதில சிவாஜினியின்ர பேரும் கிடக்கு. அவவின்ர பாஸ்போட்டில இலங்கை முத்திரை இருக்கே."

"உங்கட பாஸ்போட்டில?"

"என்ரயிலயும்தான்."

"உங்கட பாஸ்போட்டை ஆர் விரிச்சுப் பாக்கப் போறான்?"

"விரிச்சுப் பாக்கிறதுதானே அல்பேட் அவையின்ர வேலை."

அல்பேட் பேனாவின் பின்பக்கத்தால் காதைச் சொறிந்தான். பிறகு எழுதத் தொடங்கினான். எழுதி முடித்ததை அவனே வாசித்தும் காட்டினான்: கணவனும் மனைவியும் மனஸ்தாபப்பட்டார்கள், மனைவி தனியாகத் திருகோணமலைக்குப் போனார், கணவர் மனமுடைந்து மொன்றியலிலேயே இருந்தார், அந்த நாட்களில் என் மனைவியின் தேநீர்தான் அவருக்கு ஆறுதல்.

"மனஸ்தாபமோ? நாங்கள் எப்ப அல்பேட் சண்டை பிடிச்சனாங்கள்?"

"பின்ன, அண்ணி தனியப் போனதுக்கு ஒரு காரணம் வேணாமா? ஒரேயொரு கடிதம் காணாது அண்ணே. இன்னுமொரு சாட்சி பாருங்க."

இன்னொரு சாட்சி தெருமூலையில் டெப்பனர் கடை வைத்திருந்த முசியு ஜெரார். பாலும் பாணும் லொத்தர் சீட்டும் விற்கும் கிழவர். இரவிச்சந்திரன் தனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் விஷயத்தைச் சொன்னார்.

"நீ எப்போதும் இங்கேதான் இருந்தாய்," என்றார் கிழவர்.

"இல்லை முசியு. மூன்று வருடம் இல்லை."

"நீ வராத நாள் ஒன்றுகூட என் ஞாபகத்தில் இல்லை. ஞாபகத்தில் இல்லையென்றால், நீ வந்திருக்கிறாய்." அதற்கு மேல் வாதாட இரவிச்சந்திரனின் பிரெஞ்சு போதவில்லை. கிழவர் அல்பேட்டின் கடிதத்தைப் பேரனைக் கொண்டு வாசிப்பித்துக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தானும் ஒன்று எழுதினார்: இந்த மனிதர் தினமும் தனியாக வந்தார், பாலில் சின்னப் பெட்டியே வாங்கினார், ஒருவருக்கு அதுதான் போதும்.

கடிதத்தோடு விட்டிருந்தால் நல்லது. ஆனால் கிழவருக்கு இரக்க மனசு. மறுநாள் சிவாஜினி பாண் வாங்கப் போனபோது பணம் வாங்க மறுத்து, ஒரு சொக்கிலேற் பெட்டியும் கையில் வைத்து, "மன்னிப்பது நல்லது, மதாம்," என்றிருக்கிறார்.

"என்னத்தை மன்னிக்கிறதாம்?" என்று வீட்டுக்கு வந்து கேட்டாள் சிவாஜினி.

"கிழவனுக்கு வயது போட்டுது," என்றார் இரவிச்சந்திரன், சொக்கிலேற்றைத் தொடாமல்.

அந்தச் சமயம் கடையில் நின்ற யாரோ யாரிடமோ சொல்ல, இரண்டு கிழமைக்குள் கதை பஸ்ஸேறி ரயிலேறி ரொக்ஸ்பரோவுக்குப் போய்விட்டது. அங்கேயிருந்து ஞாயிற்றுக்கிழமை புஷ்பவதி அக்கா வந்து இறங்கினார். சிவாஜினியின் பெரியம்மா மகள். ஒரு கையில் மட்டன் ரோல்ஸ், மறு கையில் விபூதிப் பொட்டலம்.

"ரெண்டுபேரும் இப்பிடி வந்து இருங்கோ," என்றார் சப்பாத்தைக் கழற்ற முன்னமே. "எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. ஆனால் கேள்விப்பட்டன். அங்க திருகோணமலையில ஒரே வீட்டில தனித்தனி அடுப்பாம். அப்பாவைப் பாக்கப்போன இடத்தில இப்பிடியோ?"

இரவிச்சந்திரனுக்கு வேர்த்துக் கொட்டியது. இல்லை என்றால், பின்னே கதை எங்கிருந்து வந்தது என்று அக்கா தோண்டுவார். தோண்டினால் அல்பேட் வருவான். அல்பேட் வந்தால் கடிதம் வரும்.

"ஓம் அக்கா," என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "ஒரு சின்னச் சண்டை."

"என்னத்துக்கு?"

"சம்பலுக்கு உப்புக் கூடிப்போச்சு."

"ஒரு சம்பலுக்காக மூண்டு வருசமோ?"

அவர் பயந்து பயந்து மனைவியைப் பார்த்தார். சிவாஜினி ஒரு ரோலைப் பிய்த்து அவர் தட்டில் வைத்தாள்.

"ஓம் அக்கா," என்றாள் அமைதியாக. "இவர் கொஞ்சம் ரோசக்காரர். மனசில இருக்கிறதைச் சொல்லவும் மாட்டார். என்ன செய்யிறது, நான் பொறுத்துக்கொண்டு இருக்கிறன்."

மனைவி தன்னைக் காட்டிக் கொடுக்காமல் ஏன் காப்பாற்றினாள் என்று அன்றைக்கு முழுவதும் அவருக்கு விளங்கவில்லை. புஷ்பவதி அக்கா இருவர் நெற்றியிலும் விபூதி பூசி, இருவர் கையையும் பிடித்துச் சேர்த்து வைத்துவிட்டு, சேர்த்து வைத்த திருப்தியோடு ரொக்ஸ்பரோவுக்குப் போனார்.

முப்பது நாளில் இருபத்திரண்டு போய்விட்டது.

"அண்ணே, சமூக நிலையத்தில தனுஷிகா எண்டு ஒரு பிள்ளை இருக்கு," என்றான் அல்பேட். "சனத்துக்குப் படிவம் நிரப்பிக் குடுக்கிறது அதுதான். எல்லாத்தையும் கொண்டுபோய்க் குடுங்க. அடுக்கி அனுப்பிவிடும்."

அன்று காலை சிவாஜினி அடுப்படியில் நின்றபோது, இரவிச்சந்திரன் முருகன் படத்துக்குப் பின்னால் கைவிட்டுக் கடிதத்தை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். கடிதத்தில், அவருடைய பெயருக்குப் பக்கத்தில், ஒரு குங்குமப் பொட்டு. சின்னதாக, வட்டமாக, யாரோ எடுத்து வைத்தது போல.

உடம்பு சிலிர்த்தது. கடிதத்தை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

"என்னப்பா அங்க கண்ணில ஒத்துறியள்?" என்று கேட்டாள் அடுப்படி வாசலில் நின்ற சிவாஜினி.

கடிதம் சட்டைக்குள் போனது. "ஒண்டுமில்லை. முருகன் எனக்கொரு அடையாளம் காட்டியிருக்கிறார். பேந்து சொல்லுறன்."

"நல்லது. காட்டினால் அதின்படி நடவுங்கோ. இப்ப எங்க வெளிக்கிடுறியள்?"

"தலைமயிர் வெட்ட."

"சரி. நல்ல சப்பாத்தாய்ப் போட்டுக்கொண்டு போங்கோ. பூங்காப் பக்கம் பனி உறைஞ்சு வழுக்குமாம்."

பூங்காப் பக்கம் இருந்தது சமூக நிலையம்தான்; தலைமயிர் வெட்டும் கடை அதற்கு எதிர்த்திசையில். அதை அவர் அப்போது யோசிக்கவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்து அல்பேட்டின் கடிதத்தைத் திரும்ப விரித்தார். 'மனைவியைப் பிரிந்து தனியாக வாழ்ந்தார்.' அந்த ஒரு வரியைத் தாண்டி அவரால் போக முடியவில்லை.

மாமாவைக் குளிப்பாட்ட ஒரு ஆள் போதாது. அவர் தூக்கிப் பிடிக்க, சிவாஜினி தண்ணீர் வார்ப்பாள். மாமா சாப்பிட்டு முடியும் வரை இருவரும் பட்டினி. பிறகு சட்டியில் மிஞ்சிய சோற்றில் குழம்பை விட்டு, ஒரே சட்டியில் இருந்தே இருவரும் அள்ளிச் சாப்பிடுவார்கள். கழுவ ஒரு கோப்பை குறையும் என்பாள் அவள். சந்தைக்கு, மருந்துக்கு, கோயிலுக்கு, எங்கே போனாலும் ஒரே சைக்கிள். அந்த நாட்களை எல்லாம் இந்தக் கடிதம் இல்லையென்று சொல்கிறது. அப்படிச் சொல்லித்தான் அவளோடு இருக்க வேண்டுமா?

ஒரு கர்ப்பிணிப் பெண் ஏறினாள். அவர் எழுந்து இடம் கொடுத்தார். "மெர்சி," என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஏனோ நெஞ்சு கொஞ்சம் லேசானது. கம்பியைப் பிடித்து நின்றபடியே, 'முருகா, நீ பொட்டு வைச்சது பொய் சொல்லுறதுக்கில்லை. விளங்கிட்டுது,' என்று மனதுக்குள் சொன்னார். அல்பேட்டின் கடிதத்தையும் ஜெராரின் கடிதத்தையும் நாலாக மடித்துக் காற்சட்டைப் பைக்குள் ஆழமாகத் தள்ளினார்.

தனுஷிகாவுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். மேசையில் ஒரு கணினி, ஒரு கோப்பி, அதற்குப் பக்கத்தில் யாரோ கொடுத்துவிட்டுப் போன வடைப் பை.

"இருங்கோ அங்கிள். சொல்லுங்கோ."

இரவிச்சந்திரன் குடிவரவுக் கடிதத்தை நீட்டினார். அவள் அதைப் பார்த்தாள், பொட்டைப் பார்த்தாள், உதட்டை ஒருதரம் கடித்துக்கொண்டாள்.

"இதுக்கு ஆதாரம் என்ன வைச்சிருக்கிறியள்?"

"ஒண்டுமில்லை பிள்ளை. நான் இஞ்ச இருக்கேல்லை. மூண்டு வருசமும் நாலு மாசமும் திருகோணமலையில இருந்தனான். நான் இஞ்ச இருந்தனான் எண்டு சொல்லி நல்ல சனம் கடிதம் எழுதித் தந்தது. அதை நான் தரமாட்டன். அவையைப் பிழையா நினைக்காதேங்கோ. என்னில உள்ள அன்பில எழுதினவை. நூற்றிருபத்தொரு நாள் எனக்குக் குறையுது. அதுதான் உண்மை."

சொல்லி முடித்ததும் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை.

"அங்க தனிய இருந்தனீங்களோ, அங்கிள்?"

"தனியவோ? மனுசியோடதான். மாமாவைப் பாக்கத்தானே போனது. ஒருநாளும் பிரிஞ்சிருக்கேல்லை. தலைமயிர் வெட்டப் போனாலும் பக்கத்தில நிண்டு காதடியில கொஞ்சம் குறையுங்கோ எண்டு சொல்லுவா."

"அன்ரி இஞ்சத்தைச் சிட்டிசனோ?"

"ஓம். சோதினையில ஒரு கேள்வியும் பிழைவிடேல்லை." அதைச் சொல்லும்போது பெருமையை அவரால் மறைக்க முடியவில்லை.

தனுஷிகா கணினியில் அந்த விண்ணப்பப் படிவத்தைத் திறந்து, அவர் வெறுமையாக விட்டிருந்த பொடி எழுத்துப் பெட்டியை விரலால் காட்டினாள்.

"இதை வாசிக்கேல்லையோ அங்கிள்? வெளிநாட்டில கனடியச் சிட்டிசனான மனுசியோட சேர்ந்து இருந்த நாளெல்லாம் கணக்கில வரும். அன்ரிக்குப் பக்கத்தில நீங்கள் இருந்த ஒவ்வொரு நாளும் சட்டப்படி கனடாவில இருந்த நாள்தான். உங்களுக்கு ஒரு நாளும் குறையேல்லை."

இரவிச்சந்திரன் கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். காற்சட்டைப் பைக்குள் இரண்டு கடிதங்கள் கனத்தன. மனைவியைப் பிரிந்திருந்தார் என்று கையெழுத்தோடு சொல்லும் கடிதங்கள். அவற்றை மேசையில் வைத்திருந்தால்?

"முருகா," என்றார்.

"ஆனால் ஒண்டு," என்றாள் தனுஷிகா. "அன்ரியின்ர கடிதம் ஒண்டு வேணும். அவவின்ர பாஸ்போட், கலியாண எழுத்துப் பத்திரம், ரெண்டுபேரும் அங்க சேர்ந்து இருந்ததுக்கு ஏதும் படம்."

அவர் முகம் மெல்ல வாடியது. "அவவிட்டச் சொல்லாமல் செய்ய வேற வழி இல்லையோ பிள்ளை?"

"ஏன் அங்கிள்?"

"வீட்டில குளிர்சாதனப் பெட்டிக்குக் கீழ ஒரு புத்தகம் கிடக்கு. அது பெரிய கதை." அவர் பெருமூச்சு விட்டு எழுந்தார். "பரவாயில்லை. இண்டைக்குப் போய்ச் சொல்லிப்போடுறன். பேசினால் கேக்கிறன். இருபத்திரண்டு நாள் ஒளிச்சதுக்கு அதுவும் வேணும். முதல் நாளே சொல்லியிருக்க வேணும்."

"உண்மையாச் சொல்லுவியளோ?"

"சத்தியமா. முருகனே கடிதத்தில பொட்டு வைச்சு வழி காட்டிப்போட்டான். இனி என்ன பயம்?"

தனுஷிகா மேசை இழுப்பறையைத் திறந்து, பருத்த ஒரு கடதாசிக் கோவையை எடுத்து அவர் முன்னால் விரித்தாள். மேலே ஒரு படம்: ஒரே சைக்கிளில் இரவிச்சந்திரனும் சிவாஜினியும். கீழே படிவம் முழுவதும் நிரப்பப்பட்டு, அவருடைய கையெழுத்துக்கான இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அவள் பேனாவை நீட்டினாள்.

"அன்ரி மூண்டு கிழமைக்கு முன்னமே வந்து எல்லாம் தந்திட்டா, அங்கிள். நீங்களா உண்மையைச் சொல்லுமட்டும் வாய் திறக்க வேண்டாம் எண்டவ. இண்டைக்குக் காலமையும் ஃபோன் எடுத்தவ, அண்டைக்குச் சாமிப் படத்துக்குப் பொட்டு வைச்ச கையோட கடிதத்தை எடுத்திட்டாவாம், அது முருகன் வைச்சதில்லையாம்."